போத்தற் கன்றும் கூடாரக் காலநிலையும்

விழா மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, சங்க இலக்கியத்தினின்றோ கம்பனினின்றோ ஏதேனும் எழுதித் தருவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருபவனிடம் வேறு எதனை எதிர்பார்த்தல் கூடும்? ஆயின் அண்மைக் காலத்தில் என் ஓய்வு வேளைகளிற் பெரும்பாலானவற்றைக் கவர்ந்துகொண்டது நூல் அன்று. விஞ்ஞான ஆய்வுகூடத்தை அடுத்த பழைய களஞ்சிய அறையில் நிற்கும் ஒரு கூடாரம். ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் ஆள் உயரமும் உடைய அக்கூடாரத்தினுள் எங்கள் மாணவர் ஒரு சிறு காலநிலையைப் படைத்து, அதனைத் தாமே செய்த மின்னணுக் கருவியால் ஆண்டு வருகின்றனர். அதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

தமிழாசிரியன் இதனுட் புகுந்தது எவ்வாறு என்பதை முதலிற் சொல்லிவிடுதல் முறை. 2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது. அத்துறையின் பாடங்களுள் ஒன்று உயிர்முறைமைகள் தொழினுட்பவியல். பழைய மாணவர் பலருக்கு அதன் பெயரே புதிதாயிருக்கும். 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அப்பாடம் பயிலும் மாணவர் சிலர், தம் செயற்றிட்ட அறிக்கைக்குத் தக்க தமிழ்ச் சொற்கள் வேண்டும் என என்னிடம் வந்தனர். சொல்லைத் தருமுன் பொருளை அறிய வேண்டும் அன்றோ? பொருளைக் காட்டுங்கள் என்றேன். காட்டினார்கள். அன்று உள்ளே சென்றவன் இன்னும் வெளியே வரவில்லை.

அவர்கள் காட்டியவை இறந்துகொண்டிருந்த வாழைக் கன்றுகள். தோட்டஞ் செய்யும் பழைய மாணவர் ஒருவர், இழைய வளர்ப்பு முறையிற் பிறந்த அறுபது கன்றுகளைக் கல்லூரிக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். கிழங்கிலிருந்து பெயர்த்தெடுக்கும் குட்டியோடு கூன்வண்டும் வேர்ப்புழுவும் கூடவே வந்துவிடும். போத்தலிற் பிறந்த கன்றுக்கு அக்குறை இல்லை. ஒரே அளவாக வளர்ந்து ஒரே காலத்திற் குலை தள்ளும். இவை கருதியே தோட்டக்காரர் அதனை விரும்புகின்றனர். மாணவர் அவற்றைப் போத்தலினின்றும் எடுத்து, வேரைக் கழுவி, சிறு பைகளில் நட்டு, நிழல்வலையின்கீழ் வைத்தனர். காலையும் மாலையும் நீரும் ஊற்றினர். ஆடி மாதம், சோழகம் வீசிக்கொண்டிருந்தது. நான்காம் நாள் அறுபதிற் பதினொன்றே எஞ்சின. வேரடியில் மண் ஈரமாகவே இருந்தது. நீர் இருந்தும் கன்றுகள் தாகத்தால் மடிந்தன.

இதற்குக் காரணம் இலையில் உள்ளது. போத்தலினுள்ளே காற்று எந்நேரமும் நீராவியால் நிரம்பியே இருக்கும். அங்கு வளரும் இலைக்கு நீரைக் காத்துக்கொள்ள வேண்டிய தேவை என்றுமே நேர்ந்ததில்லை. ஆதலின் அதன்மேற் படியும் மெழுகுப் பூச்சு மிக மெல்லியது. இலைவாய்கள் திறந்தபடியே இருக்கும், வேண்டும்போது மூடிக்கொள்ளப் பழகியிரா. உணவும் அவ்வாறே. கூழில் வெல்லம் கரைத்து வைக்கப்பட்டிருத்தலின், ஒளியைக்கொண்டு தானே உணவு சமைக்கும் தொழிலையும் அது செவ்வனே கற்றதில்லை. செல்வர் வீட்டிலே செல்லமாக வளர்ந்த பிள்ளையைத் திடீரென நடுத்தெருவில் நிறுத்தியது போலாயிற்று நாம் செய்தது. இக்கன்றுக்கு வேண்டியது போத்தலும் அன்று, தோட்டமும் அன்று; இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் இடம். முதல் நாள் போத்தலைப் போலவும் இறுதி நாள் தோட்டத்தைப் போலவும் இருக்கத்தக்கதாய், நாடோறும் சிறிது சிறிதாக மாறும் இடம்.

மூடிய பெட்டியிலே செடியைக் காக்கும் எண்ணம் புதியதன்று; நம் நாட்டின் வரலாற்றையே மாற்றிய எண்ணம் அது. இலண்டனில் நதானியேல் உவார்டு என்றொரு மருத்துவர் இருந்தார். 1829ஆம் ஆண்டில் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு போத்தலில் இட்டு மூடிவைத்தார். சில நாளில் அம்மண்ணிலிருந்து ஒரு பன்னச் செடியும் ஒரு புல்லும் முளைத்தன. நகரத்துப் புகையால் அவர் தோட்டத்திற் பன்னம் வளர மறுத்த காலம் அது. பகலில் மண்ணினின்றும் எழுந்த ஆவி கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியதை அவர் கண்டார். பின்னர் அவர் செய்வித்த கண்ணாடிப் பெட்டிகள் செடிகளைக் கடல் கடத்தும் கலங்களாயின. 1876ஆம் ஆண்டிலே கியூ தாவரப் பூங்காவிலிருந்து இறப்பர்க் கன்றுகள் ஏறத்தாழ 1900, இத்தகைய 38 பெட்டிகளில் அடைபட்டு இலங்கைக்கு வந்தன; கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் அவற்றை நட்டனர். நம் கூடாரமும் உவார்டின் பெட்டியே. ஒரு வேறுபாடு மாத்திரம் உண்டு: உவார்டின் பெட்டி தன் போக்கிலே நிற்கும், நம் கூடாரம் நாம் சொன்னபடி நாடோறும் மாற வேண்டும். அவ்வேறுபாட்டிற்காகவே மின்னணுக் கருவி வேண்டியிருந்தது.

கருவியைச் சொல்லுமுன் காற்றின் ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதனைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு கிழமை சென்றது. வானிலை அறிக்கையில் ஈரப்பதன் 60 சதவீதம் எனக் கேட்கிறோம். எதில் 60 என நாம் வினாவுவதில்லை. ஒரு கன மீற்றர் காற்று, செல்சியசு 20 பாகையில் ஏறத்தாழ 17 கிராம் நீராவியையே தாங்கும். 25 பாகையில் 23 கிராம். 30 பாகையில் 30 கிராமுக்குச் சற்று மேல். தாங்கக்கூடியதில் எத்துணைப் பங்கு இருக்கிறது என்பதையே அச்சதவீதம் சொல்கிறது. எனவே 60 சதவீதம் என்பது 25 பாகையில் ஒன்பது கிராம் குறைவு. 30 பாகையிலோ பன்னிரண்டு கிராம் குறைவு. எண் ஒன்றே, தாகம் வேறு. அந்தக் குறையை நிரப்பக் காற்று எங்கிருந்து நீரை எடுக்கும்? இலையிலிருந்தே. பள்ளியில் 80 வீதம் ஈரமுள்ள 25 பாகைக் காற்றைக் கூடாரத்துள் விட்டு விளக்கால் 30 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரையும் நாம் அகற்றாமலே அதன் ஈரப்பதன் 60க்கு இறங்கிவிடும். விளக்கை ஏற்றுதல் கன்றின் தாகத்தை ஏற்றுதலாகும். வெப்பத்தையும் ஈரத்தையும் இரண்டு தனிப் பொருள்களாக எண்ணிக் கருவி செய்பவர் இங்கேதான் இடறுகின்றனர்.

இனிக் கூடாரம். பீ.வீ.சீ. குழாயாற் சட்டம், உள்ளே வெள்ளிப் பூச்சும் வெளியே கறுப்பும் உடைய சீலை, மேலே 60 வாற்று ஒளியுமிழ் விளக்குப் பட்டைகள், பக்கத்திற் காற்றை வெளியேற்றும் விசிறி, அடியில் ஒரு வாளியும் அதனுள் நீரைப் புகாராக்கும் தட்டும். அத்தட்டு செக்கனுக்கு ஏறத்தாழப் பதினேழு இலட்சம் தடவை அதிர்ந்து நீரை நுண்டுளிகளாக்கி எறியும். யாழ்ப்பாணத்தார் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. அதனைப் புகாராக்கினால் நீர் உலர்ந்தபின் இலையெங்கும் வெண்டூள் படியும், தட்டிலும் கல் கட்டும். முதற்கிழமையிலேயே கன்றுகள் திருநீறு பூசியனபோல் நின்றன. அதன்பின் மழைநீரையே சேமித்துப் பயன்படுத்துகிறோம்.

இவற்றை ஆளும் கருவிக்கு மூன்று உறுப்புகள்: அறிவதற்கு ஒன்று, முடிவு செய்வதற்கு ஒன்று, செய்வதற்கு ஒன்று. இம்மூன்றையும் வளையமாக இணைத்து, செயலின் விளைவை மீண்டும் அறிவுக்கே திருப்பிவிடுவதைப் பின்னூட்டல் என்பர். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, ஒல்லாந்தரான கோர்னேலிசு திரெபெல் கோழிக்குஞ்சு பொரிக்கும் அடுப்பொன்றை இம்முறையால் தானே தணியவும் எழவும் செய்தார். ஆயினும் எனக்கு மிக உவப்பான கதை வாரன் ஜோன்சனுடையது. அவர் அமெரிக்காவிலே, விசுக்கொன்சின் மாநிலத்து உவைற்றுவாட்டர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் கற்பித்தவர். குளிர்காலத்தில் வேலையாள் ஒருவர் அடிக்கடி வகுப்பறைக்குள் வந்து வெப்பமானியைப் பார்த்து, கீழ்த்தளத்துக்குச் சென்று சூட்டுக் காற்றின் கதவைத் திருத்துவார். பாடம் ஒவ்வொரு முறையும் குழம்பும். அதனைப் பொறாத ஜோன்சன், அறை குளிர்ந்தாற் கீழே மணியடித்து அறிவிக்கும் மின்கருவியொன்றைச் செய்து 1883ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். பாடத்தை இடையிற் குழப்புவோர் மேல் ஓர் ஆசிரியருக்கு எழுந்த சினத்தினின்றும் இக்கருவி பிறந்தது என்பதை எம்போன்றோர் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் கருவியில் முடிவு செய்யும் உறுப்பு ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகை. 2005ஆம் ஆண்டில் இத்தாலியிலே இவ்ரேயா நகரத்தில், மின்னணுவியல் அறியாத வடிவமைப்பு மாணவரும் பயன்படுத்துவதற்கென்றே ஆக்கப்பட்டது அது. தமிழாசிரியனும் பயன்படுத்தலாம் என்பதை நான் உறுதிசெய்தேன். அதன் கால்களினின்றும் வருவது 5 வோல்ற்றும் மிகச் சிறிய மின்னோட்டமுமே. அதனாற் புகார்த் தட்டையோ விசிறியையோ நேரே இயக்க முடியாது. இடையில் றிலே வேண்டும். சிறு மின்னோட்டம் ஒரு காந்தத்தை உண்டாக்க, அக்காந்தம் பெரிய மின்னோட்டத்தின் ஆளியை இழுக்கும். பாகனின் அங்குசம் யானையைத் திருப்புவது இவ்வாறுதான். றிலேக்கு நல்ல தமிழ்ச் சொல் மூன்று சொன்னேன். மாணவர் மூன்றையும் மரியாதையாக எழுதிக்கொண்டு, "சேர், றிலே சூடாகுது" என்றே இன்றும் சொல்கின்றனர்.

அறியும் உறுப்பே எங்களை மிக அலைத்தது. முதலில் வாங்கியது டீ.எச்.ரீ.22 என்னும் உணரி. வெப்பத்தை அரைப்பாகை அளவுக்கும் ஈரத்தைச் சாதாரணமாக இரண்டு சதவீத அளவுக்கும் சரியாகச் சொல்லும் என அதன் குறிப்பேடு கூறியது. அதனை விளக்கின் அடியிலேயே தொங்கவிட்டோம். விளக்கின் ஒளி நேரே பட, அது தன் சூட்டையே காற்றின் சூடாகச் சொல்லிற்று. இலைகளின் மட்டத்துக்கு இறக்கி, வெள்ளைக் காகிதக் குடையொன்றைக் கவிழ்த்தபின் மூன்று பாகை குறைந்தது. அடுத்து, புகார் நேரே படும் இடத்தில் இருந்தமையால் அதன்மேல் நீர் திரண்டு, எந்நேரமும் 99 சதவீதம் என்றது. ஈரம் நிறைந்துவிட்டதென நம்பிய கணினி தெளிப்பதை நிறுத்திற்று. வெளியே காயும் இலை. உள்ளே நிறைவைக் காட்டும் எண். அந்த எண்ணை நம்பி மேலும் ஏழு கன்றுகளைப் பறிகொடுத்தோம்.

உணரி மெய் சொல்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? விலையுயர்ந்த அளவுகருவி நம்மிடம் இல்லை. விடை சமையலறையில் இருந்தது. சோற்றுப்புக்குச் சிறிதளவு நீர் விட்டு, கரைந்தும் கரையாமலும் ஈரமணல் போல் இருக்கும்படி செய்து, மூடியுள்ள போத்தலின் அடியில் வைத்து இறுக மூடினால், உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். 20 பாகையாயினும் 30 பாகையாயினும் அது பெரிதும் மாறாது. ஈரம் மிகுந்தால் உப்பு நீரை ஈர்த்துக்கொள்ளும். காற்று வறண்டால் நீரை விட்டுக்கொடுக்கும். அவ்வளவே அதன் மருமம். உணரியை உப்புப் படாமல் மேலே தொங்கவிட்டு, கம்பி செல்லும் துளையை மெழுகால் அடைத்து, ஓர் இரவு விட்டோம். மறுநாட் காலை எட்டு மாணவர் அந்தப் போத்தலைச் சூழ்ந்து நின்றனர். பழைய உணரி 84 என்றது. புதிதாக வாங்கி இன்னும் பொருத்தாதிருந்த எஸ்.எச்.ரீ.31 என்னும் உணரி 76 என்றது. ஒரு கரண்டி உப்பு நடுவராக நின்று வழக்கைத் தீர்த்ததைக் கண்டு அவர்கள் அடைந்த மகிழ்ச்சி, பரீட்சைப் பெறுபேறு வந்த அன்றும் நான் காணாதது.

அடுத்தது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்னும் வினா. 90க்குக் குறைந்தால் தெளி, 90ஐ எட்டினால் நிறுத்து என்று மாணவர் முதலில் எழுதினர். றிலே வெட்டுக்கிளி போலத் துடிக்கத் தொடங்கிற்று. 89.9, 90.1 என எண் ஊசலாடப் பத்துச் செக்கனுக்கு ஒருமுறை அது மூடித் திறந்தது. இத்தகைய றிலே முழுச் சுமையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை இயங்கும் எனச் செய்வோர் கணிப்பர். பத்துச் செக்கனுக்கு ஒன்றாயின் ஒரு நாளில் 8640. பன்னிரண்டு நாளில் அதன் ஆயுள் முடிந்துவிடும். ஆதலின் இலக்கினும் மூன்று குறைந்தாற் றொடங்கு, இலக்கை எட்டினால் நிறுத்து என்று மாற்றினோம். இவ்விடைவெளியே கருவியின் பொறுமை. நிறுத்தியபின்னும் மிதந்துகொண்டிருக்கும் துளிகள் ஆவியாகி ஈரம் இன்னும் ஏறும் என்பதும் அப்போது தெரிந்தது. ஐந்து அளவீடுகளின் சராசரியைக் கொள்ளுதல், நின்ற தட்டை இரண்டு நிமிடம் சென்ற பின்னரே மீண்டும் இயக்குதல் ஆகிய இரண்டையும் சேர்த்தபின் றிலே அடங்கிற்று.

இங்கு ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். அது மாணவருடையதன்று, என்னுடையது. தொடக்கத்தில் விளக்கும் விசிறியும் வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ற்றில் இயங்குவன. றிலே வழியாகச் செல்ல வேண்டியது உயிர்க்கம்பி. நான் நொதுமற்கம்பியை வெட்டி அதில் றிலேயைப் புகுத்தினேன். கணினி கட்டளையிட்டது, விளக்கு அணைந்தது, எல்லோரும் கைதட்டினோம். அணைந்த விளக்கிற் படிந்த ஈரத்தைத் துடைக்க ஒரு மாணவன் துணியோடு கூடாரத்துட் புகுந்தான். மின்வேலை அறிந்த பழைய மாணவர் ஒருவர் அன்று தற்செயலாக வந்திருந்தார். "தம்பி, பொறு" என்று அவனைத் தடுத்து, தம் சட்டைப்பையிலிருந்த சோதனைத் திருகியை விளக்கின் முனையில் வைத்தார். அது ஒளிர்ந்தது. அணைந்த விளக்கில் 230 வோல்ற்றும் நின்றுகொண்டிருந்தது. என் கால்கள் நடுங்கின. அன்று நான் எவரோடும் அதிகம் பேசவில்லை. மறுநாள் முழுவதையும் கழற்றி மீண்டும் அமைத்தோம். இப்போது வீட்டு மின்சாரம் கூடாரத்துட் செல்வதே இல்லை. வலுவழங்கிகள் வெளியே, சுவரில், மூடிய பெட்டியில் உள்ளன. உள்ளே செல்வன 24 வோல்ற்றும் 12 வோல்ற்றுமே. அப்பெட்டிக்கு உருகியும், 'றிப் சுவிச்சு' என வழங்கும் 30 மில்லியம்பியர் காப்பு ஆளியும் உண்டு. இதனைப் படித்துத் தம் வீட்டிற் செய்ய முயலும் மாணவர் வேறு எதனை விட்டாலும் இதனை விடலாகாது.

2025ஆம் ஆண்டு தை மாதத்தில் இரண்டாவது அறுபது கன்றுகள் வந்தன. இம்முறை இலக்கு ஒரே எண்ணாக நிற்கவில்லை; நடந்தது. முதல் நான்கு நாள் 92 சதவீதம். பின்னர் நாளொன்றுக்கு ஒன்றாகக் குறைந்து இருபத்தாறாம் நாள் 70. செய்நிரலில் இதற்கு இரண்டு வரியே வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் காற்று சிறிது வறள, இலை சிறிது தடித்தது. பதினைந்தாம் நாள் புதிய இலையொன்று விரிந்தது. பழைய இலைகளின் ஈரப் பளபளப்பு அதற்கில்லை, மங்கிய மெழுகுச் சாயல் இருந்தது. அதனைத் தொட்டுப் பார்த்து, இனி இவை பிழைக்கும் என்று எண்ணினேன்.

பத்தொன்பதாம் நாள் பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. அன்று முற்பகலில், பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதனால் என அமைச்சர் அறிவித்தார், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. இலங்கைக்கு வாலுடையோரால் நேர்ந்த இடர் இது முதன்முறையன்று என ஆசிரியர் அறையிற் சிரித்துக்கொண்டோம். சில மணித்தியாலம் தட்டு நின்றதனாற் கன்றுகள் வாடியிருக்கும் என அஞ்சித் திங்கட்கிழமை காலை ஓடிச்சென்று பார்த்தால், அவை நலமாகவே நின்றன. விளக்கும் விசிறியும் கூடவே நின்றமையாற் கூடாரம் உவார்டின் மூடிய பெட்டியாகித் தன் ஈரத்தைத் தானே காத்துக்கொண்டது. மின்சாரம் போனது கேடு செய்யவில்லை. மீண்டு வந்ததே கேடு செய்தது. மின் வந்ததும் கணினி மீண்டும் பிறந்தது. தனக்கு இது முதல் நாள் என எண்ணி, 77இல் இருக்க வேண்டிய இலக்கை 92க்கு உயர்த்திற்று. எண் நிலையாக இருந்தமையால் ஐவரில் ஒருவரும் ஐயுறவில்லை. வெள்ளிக்கிழமை பைகளின் வாயிற் சாம்பல் நிறப் பூஞ்சணம் கண்டோம். பதினான்கு கன்றுகள் அடித்தண்டு அழுகி விழுந்தன.

மருந்து எளிது. டீ.எஸ்.3231 என்னும் மணிக்கூட்டுத் துண்டொன்றைப் பொருத்தினோம். ஒரு நாணயம் போன்ற மின்கலத்தால், மின்சாரம் இல்லாதபோதும் அது நாளைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். தொடங்கிய தேதியைக் கணினியின் அழியா நினைவில் எழுதிவைத்தோம். எழுந்தவுடன் அது முதலில் தன் வயதைக் கேட்டறிந்து, பின்னரே தட்டைத் தொடும். உணரி விடை தராவிட்டால் யாது செய்வது என்பதையும் அப்போதுதான் எழுதினோம். விளக்கை அணை, பத்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் குருட்டுத்தனமாகத் தெளி, சிவப்பு மின்குமிழை ஏற்று.

மூன்றாவது தொகுதி வைகாசி வெயிலில் வந்தது. அறையே 32 பாகை. அறுபது வாற்று விளக்கு தரும் ஒளியும் இறுதியில் வெப்பமாகவே முடியும். அவ்வெப்பத்தால் கூடாரம் அறையினும் இரண்டு பாகைக்குமேல் ஏறாதிருக்க மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 90 கன மீற்றர் காற்றை வெளியேற்ற வேண்டும் எனக் கணக்குக் காட்டிற்று. கூடாரத்தின் கொள்ளளவு இரண்டு கன மீற்றரும் இல்லை. மணிக்கு ஐம்பது முறை காற்றை மாற்றினால் ஈரம் எங்ஙனம் நிற்கும்? விசிறி துரத்தத் தட்டு தெளிக்க, வாளி காலியாகிக்கொண்டிருந்தது. விசிறியால் எந்நாளும் அறையினுங் குளிர்ச்சியைத் தர முடியாது என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர்.

மாணவர் பெரிய விசிறி வேண்டும் என்றனர். நான் வேறொன்று கேட்டேன்: மூன்றில் ஒன்றைக் கைவிட வேண்டுமாயின் எதனை முதலிற் கைவிடுவீர்கள்? நெடுநேரம் வாதாடினர். ஈரமின்றி இக்கன்று ஒரு மணித்தியாலத்தில் வாடும்; வெப்பம் இரண்டு பாகை மிகுந்தால் ஒரு நாள் தாங்கும்; ஒளி குறைந்தாற் பல நாள் காத்திருக்கும். ஆகவே முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது ஒளியே. அந்த வரிசையையே செய்நிரலாக எழுதினார்கள். விளக்கைப் பாதியாகக் குறைத்து, அதன் பகலை மாலை ஆறு மணிக்குத் தொடங்கி அதிகாலை நான்கு மணியில் முடித்தோம். வெளியே இரவாயிருக்கையிற் கூடாரத்திற் பகல். கன்றுக்கு நம் மணிக்கூடு தெரியாது. ஒரு மணித்தியாலத்தில் நூறு கிராம் நீர் ஆவியாகுமாயின் அது ஏறத்தாழ 67 வாற்று வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின் ஈரத்துக்கெனத் தெளித்த புகாரே குளிர்ச்சியையும் தந்தது. விசிறிக்கு இருபது நிமிடத்துக்கொருமுறை அரை நிமிட வேலையே எஞ்சியது.

அந்த அறுபதில் ஐம்பத்து மூன்று கன்றுகள் கூடாரத்தை விட்டு வெளியேறி, இரண்டு கிழமை நிழல்வலையின்கீழ் நின்று, அவற்றைத் தந்தவரின் தோட்டத்துக்கே திரும்பிச் சென்றன. சோழகம் அப்போதும் வீசிக்கொண்டிருந்தது.

சுற்றின் வரைபடமும் செய்நிரலும் தமிழ்க் குறிப்புகளோடு நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. விரும்பும் பழைய மாணவர் படியெடுத்துச் செல்லலாம். ஒவ்வொரு மாதத்தின் முதற் றிங்கட்கிழமையும் உணரியை உப்புப் போத்தலில் இடும் வழக்கம் தொடர்கிறது. சென்ற மாதம் அது 79 காட்டியது. புதியது வாங்கவேண்டும் எனப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் குறிப்பேட்டில் எழுதி, கீழே தன் கையொப்பமும் இட்டிருந்தான்.